டேர்பிப் பந்தயம்: ஆயத்தமும் ஓட்டமும்

பெரகலச் சந்தியிற் பெருந்தெரு இரண்டாகப் பிரிகின்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் அத்தெருவின் ஒரு கிளை கொஸ்லந்தையூடாக வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்க, மற்றையது அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை அடைகின்றது. சித்திரைப் புத்தாண்டு நெருங்குங் காலத்தில் இவ்விரண்டாவது தெருவிற் செல்லும் வாகனங்கள் பல பதுளைக்குச் செல்வன அல்ல. பண்டாரவளையில் திரும்பி, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்வன அவை. பூக்காட்சி, ஏரி, குளிர்காற்று என்பவற்றோடு குதிரைப் பந்தயமும் அந்நகரின் வசந்தகாலக் கவர்ச்சிகளுள் ஒன்று. ஆயினும், ஊவா மலைகளில் வாழும் தோட்ட மக்களுட் பலர் பந்தயக் குதிரையை நுவரெலியாவிற் கண்டு அறிந்தாரல்லர். நகரத்துப் புக்கிக் கடையின் சுவரில் ஒட்டப்பட்ட தாளிலே பெயராகக் கண்டு அறிந்தவர்களே அவர்கள். இங்கிலாந்திற் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடும் பந்தயம் கோடைகாலத்தில் இலங்கையில் மாலை ஆறரை மணிக்கு உரியது. கொழுந்து நிறுத்து முடித்து, கைகால் கழுவி, நகரத்துக்கு இறங்கிவர அந்நேரம் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஓடும் குதிரையின் தந்தை பெயர், தாய் பெயர், சென்ற ஓட்டத்தில் அது பெற்ற இடம் ஆகியவற்றை மனப்பாடமாகச் சொல்லவல்ல தொழிலாளர் மலையகத்தில் உளர். ஒரு குதிரையையேனும் தொட்டுப் பார்த்திராதவர் அவர்களுட் பலர்.

இவ்வாறு பெயரளவிற் பலரும் அறிந்த ஒன்றனை அதன் இயல்பிலே அறிதல் நன்று. உயர்நிலைப் பந்தயம் எனப்படுவது யாது, அதற்குக் குதிரைகள் எங்ஙனம் ஆயத்தமாக்கப்படுகின்றன, ஓட்டம் நிகழும் அந்த இரண்டரை நிமிடத்தில் நடப்பது என்ன என்பன முதலில் விளக்கப்படவேண்டியவை. பணம் எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பது அவற்றை அறிந்த பின்னரே தெளிவாகும்.

குதிரையைக் கடல் வழியாகப் பெற்றவர் தமிழர். பழைய பட்டினங்களின் துறைகளிற் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்லும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கு ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகள் வாங்கப்பட்டதையும், பராமரிப்பு அறியாமையால் அவற்றுட் பல விரைவில் மடிந்ததையும் எழுதியுள்ளார். மணிவாசகர் குதிரை வாங்கச் சென்ற கதையும் நரி பரியான கதையும் இந்த வணிகத்தின் நிழலிலே தோன்றியவை எனலாம். ஈழத்தில் நெடுந்தீவிலே இன்றும் கட்டற்றுத் திரியும் சிறு குதிரைகள் ஒல்லாந்தர் காலத்துக் குதிரை வளர்ப்பின் எச்சங்கள். ஆனால் இவை யாவும் போருக்கும் பாரத்துக்கும் உரிய குதிரைகள். பந்தயத்துக்கென்றே ஓரினத்தை உருவாக்கியது இங்கிலாந்து.

அவ்வினம் தறோபிறெட் எனப்படும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழைத்தேசங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று பொலிகுதிரைகளிடமிருந்து இன்றைய பந்தயக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் இறங்கியவை. பையேர்லி துருக்கியன், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன் என்பன அவற்றின் பெயர்கள். அலெப்போ நகரில் வாங்கப்பட்டு 1704இல் இங்கிலாந்து சேர்ந்த டார்லி அரேபியனின் வழியே இவற்றுள் மிகப் பெரும்பான்மையானது. 1764ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தன்று பிறந்தமையாற் கிரகணம் என்றே பொருள்படும் எக்லிப்ஸ் என்ற பெயரைப் பெற்ற புகழ்மிகு குதிரை அவ்வழியினது. 1791 முதல் வம்சாவளிப் பேரேடு ஒன்று அச்சிடப்பட்டு வருகின்றது. அதில் தாயும் தந்தையும் பதியப்படாத குதிரை தறோபிறெட் ஆகாது. கோத்திரம் கேட்டுக் கலியாணம் பேசுவோர்கூட இத்துணைக் கண்டிப்பாய் இருப்பதில்லை.

இப்பேரேட்டின் நோக்கத்தை உணர்ந்தால்தான் உயர்நிலைப் பந்தயத்தின் நோக்கமும் விளங்கும். சாதாரணப் பந்தயங்களுட் பல சுமைக்கட்டுப் பந்தயங்கள். வலிய குதிரைக்குக் கூடிய பாரமும் மெலிய குதிரைக்குக் குறைந்த பாரமும் ஏற்றி, எல்லாம் ஒரே வரிசையில் வந்து முடியத்தக்கதாக அதிகாரி ஒருவர் கணித்து வைப்பார். கவிழும் தராசை நேர்நிறுத்தும் முயற்சி அது. பந்தயம் கட்டுவோருக்கு அது சுவையானது. எந்தக் குதிரை சிறந்தது என்ற வினாவுக்கு அது விடை தராது. அவ்வினாவுக்கு விடை காண ஏற்பட்டவையே கிளாசிக் எனப்படும் உயர்நிலைப் பந்தயங்கள். இங்கிலாந்தில் இவை ஐந்து: 1776இல் தொடங்கிய செயின்ற் லெஜர், 1779இல் தொடங்கிய ஓக்ஸ், 1780இல் தொடங்கிய டேர்பி, 1809இல் தொடங்கிய 2000 கினி, 1814இல் தொடங்கிய 1000 கினி. ஐந்தும் மூன்று வயதுக் குதிரைகளுக்கே உரியவை. ஓக்ஸும் 1000 கினியும் பெண் குதிரைகளுக்கு மட்டும். ஏனையவற்றிற் பெண் குதிரை பங்குபற்றினால் அதற்குச் சில இறாத்தல் பாரம் குறைக்கப்படும். மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரே பாரம். விதையடித்த குதிரைக்கு டேர்பியில் இடமில்லை. அடுத்த தலைமுறைக்குத் தந்தையாக வேண்டியதைத் தெரிவுசெய்யும் ஓட்டத்திலே தந்தையாக முடியாதது ஓடுவதாற் பயனென்ன? இத்தெரிவின் பொருட்டே டேர்பியில் வென்ற குதிரையின் விலை, பரிசுப் பணத்தைப் பன்மடங்கு கடந்து நிற்கின்றது.

குதிரையின் வயது கணிக்கும் முறை வேடிக்கையானது. வட கோளத்திற் பிறந்த தறோபிறெட் குதிரைகள் யாவற்றுக்கும் ஜனவரி 1ஆந் திகதியே பிறந்தநாள். பெப்ரவரியிற் பிறந்ததும் மே மாதத்திற் பிறந்ததும் ஒரே நாளில் ஒரு வயது பெறும். ஆதலால் ஜூன் மாத டேர்பியில் நிற்கும் குதிரைகளுள் ஒன்று மற்றொன்றினும் மூன்று மாதம் இளையதாயிருத்தல் இயல்பு. அவ்வயதில் மூன்று மாதம் சிறிய வேறுபாடன்று.

டேர்பிக்கான ஆயத்தம், குதிரை முதுகிற் சேணம் ஏறுமுன்பே தொடங்கிவிடுகின்றது. ஒரு வயதுக் குட்டியாய் இருக்கையிலேயே உரிமையாளர் பெயர் பதிந்து முதற் கட்டணம் செலுத்துகின்றார். பின்னர்க் குறித்த தவணைகளில் மேலுங் கட்டணம் செலுத்த வேண்டும். நம்பிக்கை இழந்தவர் தவணையை நிறுத்திப் பெயரை விலக்கிக் கொள்வார். நூற்றுக்கணக்கிற் பதியப்பட்ட பெயர்கள் இவ்வாறு உதிர்ந்து, பந்தய நாளில் எஞ்சுபவை பெரும்பாலும் இருபதுக்கு உட்பட்டனவே. இரண்டாம் வயதிற் குதிரை குறுந்தூரப் பந்தயங்களில் ஓடி அநுபவம் பெறும். நியூமாக்கற்றில் ஒக்ரோபர் மாதத்தில் நடைபெறும் டியூஹேர்ஸ்ற் என்ற ஏழு பர்லாங் பந்தயம் இவற்றுள் முதன்மையானது. அதில் வென்றது மாரிகாலம் முழுவதும் அடுத்த ஆண்டின் நம்பிக்கையாகப் பேசப்படும். எனினும் இரண்டு வயதில் மிளிர்ந்து மூன்று வயதில் மங்கிய குதிரைகள் எண்ணில. வகுப்பில் முதல்வனாய் நின்றவன் மேல்வகுப்பிற் பின்தங்குவதைக் கண்ட ஆசிரியர்களுக்கு இது புதுமையாய்த் தோன்றாது.

மாரி கழிந்ததும் பயிற்சி கடுமையாகும். விடியுமுன் குதிரைகள் இலாயத்திலிருந்து வரிசையாகப் புறப்பட்டுப் புல்வெளிக்குச் செல்லும். முதலில் நடை, பின்னர் மெல்லோட்டம், வாரத்தில் இரண்டொரு நாள் மட்டும் கடுவேகம். நாள்தோறும் முழுவேகத்தில் ஓட்டினாற் காலின் மெல்லிய நரம்பு சிதையும். ஓட்டாது விட்டால் மூச்சு வலுப்பெறாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே பயிற்சியாளரின் திறன். அரை தொன் நிறையுடைய உடம்பைத் தாங்குவன மனிதனுடைய கைம்மணிக்கட்டினுஞ் சிறிதே பருத்த நான்கு கால்கள் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். தீனி ஓட்ஸ் தானியமும் உலர்ந்த புல்லும். ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதுக்கு உட்பட்டுத் துடிக்கும் குதிரையின் இருதயம் முழுவேகத்தில் இருநூறைக் கடந்து துடிக்கும். மண்ணீரலிற் சேமிக்கப்பட்ட செந்நிறக் குருதியணுக்கள் அவ்வேளையிற் குருதியோட்டத்தில் வெளிவிடப்படுகின்றன. பாய்ச்சலின்போது அடிக்கொரு மூச்சாகவே குதிரை சுவாசிக்கும். அடியும் மூச்சும் பிணைந்திருப்பதால் அடி குலைந்த குதிரையின் மூச்சும் குலையும்.

வசந்தத்தில் முன்னோடிப் பந்தயங்கள் வருகின்றன. ஏப்பிரலிறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ நியூமாக்கற்றில் நேர்கோட்டில் ஒரு மைல் ஓடும் 2000 கினிப் பந்தயம் தானே ஓர் உயர்நிலைப் பந்தயமாயினும், டேர்பிக்கு அது பெரும் பரீட்சையாகவும் அமைகின்றது. யோர்க்கில் ஓடும் டான்ரே பந்தயமும் செஸ்ரர், லிங்பீல்ட் ஆகிய இடங்களின் பந்தயங்களும் மற்றைய பரீட்சைகள். ஒரு மைல் வேகமாக ஓடிய குதிரை ஒன்றரை மைலுக்குத் தாக்குப்பிடிக்குமா என்பதே ஒவ்வோராண்டும் எழும் வினா. அதற்கு விடை தேடி, குதிரையின் தந்தை எத்தூரத்தில் வென்றது, தாயின் தந்தை எத்தூரத்தில் வென்றது என்று பேரேட்டைப் புரட்டுவர். விடை சில வேளை பேரேட்டிலிருக்கும். சில வேளை ஓடிய பின்னரே கிடைக்கும்.

டேர்பி ஓடும் எப்சம் திடல் இலண்டனுக்குத் தெற்கேயுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் அமைந்தது. 12ஆவது டேர்பிப் பிரபுவின் பெயரைப் பெற்ற இப்பந்தயம் முதன்முறை 1780இல் ஒரு மைல் தூரமே ஓடப்பட்டது. டயோமெட் என்ற குதிரை வென்றது. அதன் உரிமையாளர் சேர் சார்ல்ஸ் பன்பரிக்கும் டேர்பிப் பிரபுவுக்குமிடையே நாணயம் சுண்டியே பந்தயத்துக்குப் பெயர் முடிவாயிற்று என்றொரு கதை வழங்குகின்றது. 1784 முதல் ஓட்டம் ஒன்றரை மைல். இத்திடலைப்போற் குதிரையைச் சோதிக்கும் திடல் அரிது. தொடக்கத்திலேயே ஏற்றம். முதற் பாதியில் நூற்றுமுப்பது அடிக்குமேல் ஏறி, பின்னர் இடப்புறமாக வளைந்து இறங்கும். இறக்கத்தின் அடியிலே ரற்றன்ஹாம் மூலை என்னும் கூரிய திருப்பம். அதைக் கடந்தாற் கடைசி நேர்வழி. அந்நேர்வழியும் சமமானதன்று. நிலம் உட்புறக் கம்பி வேலியை நோக்கிச் சரிந்திருப்பதால், களைத்த குதிரை தன்னையறியாது அப்பக்கமாய் வழுக்கி அயற்குதிரையை நெருக்கும். ஏற, இறங்க, திரும்ப, சரிவில் நேராக ஓட என எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் செய்யவல்லதே இங்கு வெல்லும். கங்காணிமாருக்கும் ஏற்றமும் இறக்கமுமாகிய மலைப்பாதையில் நாள்தோறும் நடக்கும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் இவ்வருமையைச் சொல்லி விளக்கவேண்டியதில்லை.

பந்தய நாளில் ஜொக்கிமார் முதலில் தராசில் ஏறுவர். சேணத்தோடு சேர்த்து நிறுக்கப்படும் அவர்களின் பாரம் விதித்த அளவினதாதல் வேண்டும். குறைந்தால் ஈயத்தகடு வைத்து நிரப்புவர். பின்னர்ச் சேணம் பூட்டிய குதிரைகள் வட்டமாய் நடத்திக் காட்டப்படுகின்றன. அறிந்தவர் கண்கள் இங்கேதான் கூர்மையாய் நோக்கும். வியர்வை அரும்பியிருக்கின்றதா, செவிகள் முன்னோக்கியிருக்கின்றனவா, கண்ணில் மிரட்சியுண்டா என்பன இவ்வேளையில் தெரியவரும். பேராரவாரத்தைக் கேட்டு மிரண்டு, ஓடுமுன்பே தோற்றுவிடும் குதிரைகள் உண்டு. முன்னாளில் இழுத்துக் கட்டிய நாடாவின் முன்னே குதிரைகளை நிறுத்தித் தொடங்கினர். நெருக்கமும் குழப்பமும் அதனால் விளைந்தன. இரும்புக் கூட்டறைகளிலிருந்து தொடங்கும் முறை இங்கிலாந்தில் 1965இலும் டேர்பியில் 1967இலும் வந்தது. எந்தக் குதிரை எந்த அறையில் நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வர்.

கதவுகள் திறந்த பின் நிகழ்வதை ஓர் உண்மை ஓட்டத்தின் வாயிலாகக் காண்பது எளிது. 1970ஆம் ஆண்டு ஜூன் 3ஆந் திகதி, புதன்கிழமை. இலங்கையிற் பொதுத்தேர்தல் முடிந்து சரியாக ஒரு வாரம். அக்காலத்தில் டேர்பி புதன்கிழமையிலேயே நடைபெற்றது. 1995 முதலே அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. கனடாவிற் பிறந்து, அயர்லாந்தில் வின்சென்ற் ஓப்ரையன் என்பவராற் பயிற்றப்பட்ட நிஜின்ஸ்கி என்னும் குதிரை மக்களின் முதல் விருப்பாய் நின்றது. டியூஹேர்ஸ்ற், 2000 கினி ஆகிய இரண்டிலும் அது வென்றிருந்தது. எனினும் ஒன்றரை மைல் அதற்கு நீளமோ என்ற ஐயம் இருந்தது. பலர் அறியாத இன்னோர் இடரும் நேர்ந்தது. பந்தயத்துக்கு முன்னாள் அதற்கு வயிற்றுவலி கண்டது. வலிநீக்கும் மருந்து கொடுத்தால் அது குருதியில் தங்கி, வென்றாலும் தகுதியிழக்கச் செய்யும். ஆகவே புல்லும் அப்பச்சோடாவும் முதலான எளிய பொருள்களைக் கொண்டே ஆற்றினர்.

அன்று ஓடியவை பதினொன்று. நிஜின்ஸ்கியின்மேல் லெஸ்ரர் பிகொற். அவர் ஏறிய குதிரைகள் 1954 முதல் 1983 வரை ஒன்பது முறை டேர்பியை வென்றன. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அவர் குதிரையை முன்தள்ளாது நடுவிலே அமைதியாய்ப் பிடித்திருந்தார். முன்னே செல்பவன் காற்றை எதிர்த்து ஓட வேண்டும். மிகப் பின்னே நிற்பவன் ரற்றன்ஹாம் மூலையிற் களைத்துப் பின்வாங்கும் குதிரைகளால் மறிக்கப்படுவான். நேர்வழியிற் பிரான்சிலிருந்து வந்த கீர் என்ற பெருங்குதிரை முன்னேறியது. ஸ்ரின்ரினோவும் நெருங்கியது. அவ்வேளையிற் பிகொற் கயிற்றைத் தளர்த்திச் சவுக்கால் தட்ட, நிஜின்ஸ்கி சில பாய்ச்சலிற் கீரைக் கடந்து இரண்டரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. எடுத்த நேரம் 2 நிமிடம் 34.68 வினாடி. மணிக்கு முப்பத்தைந்து மைல் வேகம் என்று இதனைக் கணிக்கலாம். அவ்வேகத்தில் ஒரு குதிரை நீளம் என்பது ஏறத்தாழ வினாடியின் ஆறிலொரு பங்கு. கண்ணிமைப்பதனுங் குறுகிய இவ்வேறுபாட்டை மனிதக் கண் எப்போதும் நம்பத்தக்கதாய்க் காணாது. ஆதலாற் புகைப்படம் உதவிக்கு வந்தது. டேர்பியின் முடிவு முதன்முறை புகைப்படத்தால் தீர்க்கப்பட்டது 1949இல். அன்று நிம்பஸ் முதலாவதாகவும் அமூர் டிறேக் இரண்டாவதாகவும் அறிவிக்கப்பட்டன.

இலையுதிர்காலத்திற் செயின்ற் லெஜரையும் வென்று, 2000 கினி, டேர்பி, லெஜர் என்ற மூன்றையும் ஒரே ஆண்டிற் பெற்ற குதிரையாயிற்று நிஜின்ஸ்கி. 1935இற் பாராம் பெற்ற அச்சிறப்பை அதன்பின் பெற்றது அதுவே. இன்றுவரை வேறெதுவும் அதனைப் பெறவில்லை. ஆனால் ஓகஸ்ற் மாதத்தில் அதற்குப் படர்தாமரை நோய் கண்டு உரோமம் உதிர்ந்திருந்தது. ஒக்ரோபரிற் பாரிஸ் நகரின் ஆர்க் பந்தயத்தில் ஒரு தலையளவு வேறுபாட்டிற் சஸாபிரா என்ற குதிரையிடம் தோற்றது. லெஜர் ஓட்டாதிருந்தால் ஆர்க் கிடைத்திருக்குமோ என்று அறிந்தோர் இன்றும் வாதிடுவர்.

ஓட்டம் முடிந்தாலும் பந்தயம் முடிவதில்லை. ஜொக்கி சேணத்தோடு மீண்டும் தராசில் ஏறுவார். பாரம் குறைந்திருந்தால் வெற்றி பறிபோகும். நெருக்கியதாகவோ மறித்ததாகவோ முறைப்பாடு எழுந்தால் அதிகாரிகள் விசாரிப்பர். குதிரையின் சிறுநீரோ குருதியோ சோதனைக்கு எடுக்கப்படும். நிறுவை சரி என்ற அறிவித்தல் வந்த பின்னரே பணம் கைமாறும்.

பணத்தின் கதையை இனி நோக்கலாம். நிஜின்ஸ்கியின் டேர்பி விலை எட்டுக்குப் பதினொன்று. அதாவது எட்டு ரூபா கட்டியவர் பதினொரு ரூபா இலாபமும் தம் எட்டு ரூபாவும் பெறுவார். 2000 கினியில் அதன் விலை ஏழுக்கு நான்கு மட்டுமே. ஏழு கட்டி நான்கு பெறுவதற்கும் மக்கள் முந்தினர் என்றால் அக்குதிரைமேல் இருந்த நம்பிக்கை புலனாகும். விலையைக் குதிரை நிர்ணயிப்பதில்லை, கட்டப்படும் பணமே நிர்ணயிக்கின்றது. புக்கி எந்தக் குதிரை வெல்லும் என்று அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். மூன்று குதிரைகள் ஓடுகின்றன என்க. முதலாவதற்கு ஒன்றுக்கு ஒன்று விலை. மற்றைய இரண்டுக்கும் ஒன்றுக்கு இரண்டு. முதலாவதன்மேல் 600 ரூபாவும் மற்றையவற்றின்மேல் 400 ரூபா வீதமும் கட்டப்பட்டன என்க. புக்கியின் கையில் 1400 ரூபா. முதலாவது வென்றாற் கொடுக்கவேண்டியது 1200. இரண்டாவது வென்றாலும் 1200. மூன்றாவது வென்றாலும் 1200. எது வென்றாலும் 200 ரூபா பெட்டியில் தங்குகின்றது. பல குதிரைகள் ஓடும்போது கணக்குச் சிக்கலாகலாம். புக்கியின் கணிப்பும் எப்போதும் இத்துணைச் சீராய் அமையாது. தத்துவம் இதுவே. இக்கணக்கில் நூறு ரூபாவுக்குப் பதினான்கு ரூபா ஒவ்வொரு சுற்றிலும் கட்டுவோர் கூட்டத்திலிருந்து கழிகின்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை அறிந்தவர்கள், அச்சம்பளத்தின் ஒரு பகுதி மாலைதோறும் இவ்வாறு கழியும் கணக்கையும் பார்ப்பது தகும். வென்றவனின் பெயர் லயம் முழுதும் பேசப்படும். தோற்றவன் தன் தோல்வியை வீட்டிலுஞ் சொல்வதில்லை. ஆகவே புக்கிக் கடையில் வெல்வோர் பலர் என்ற எண்ணம் ஊரில் நிலைத்துவிடுகின்றது. புக்கித் தொழிலின்மீது வரி விதிக்க 1988இல் இலங்கையிற் சட்டமியற்றப்பட்டது. ஆக, அரசாங்கமும் இதனாற் பயன்பெறுவோருள் ஒன்று.

அவ்வாறாயின் இது வெறுஞ் சூதா, அறிவின்பாற்பட்டதா? பாரதத்தின் நளன் கதையில் இவ்வினாவுக்கு இயைந்த ஓரிடம் உண்டு. வாகுகன் என்ற பெயரிற் கரந்துறைந்த நளன் இருதுபன்னனுக்குத் தேரோட்டிச் செல்கையில், அம்மன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கின்றான். கவற்றின் உள்ளத்தை அறிந்தவன் அவன். நளனோ குதிரையின் உள்ளத்தை அறிந்தவன். இருவரும் தத்தம் வித்தையை மாற்றிக் கொள்கின்றனர். இங்குக் கவனிக்கத்தக்கது, பழையோர் இவற்றை இரண்டு வித்தைகளாகவே கொண்டனர் என்பது. குதிரையை நன்கறிந்த நளனே சூதில் நாடிழந்தான். குதிரையறிவு அவனைக் கவற்றிலிருந்து காக்கவில்லை. எண்ணின் அறிவு கிடைத்த பின்னரே கலி அவனை விட்டு நீங்கினான்.

இதே வினா நமது காலத்தில் நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. சென்னையிற் கிண்டித் திடலிற் பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டுப் பந்தயம் நடந்து வந்தது. 1974இல் தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டத்தோடு சேர்த்துத் தடைசெய்யச் சட்டத் திருத்தம் இயற்றியது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் குதிரையின் ஆற்றல், பயிற்சி, ஜொக்கியின் திறன் ஆகியவற்றைச் சார்ந்தது, தற்செயலைச் சார்ந்ததன்று, ஆகவே அது சூதாகாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தளவில் இது தெளிவான தீர்ப்பு. ஆனாற் குதிரையிடத்தும் பயிற்சியாளரிடத்தும் உள்ள திறன், புக்கிக் கடையில் நிற்பவனிடத்தும் உண்டு என்று இதனாற் கொள்ளுதல் பொருந்தாது. திடலில் நின்று குதிரையின் வியர்வையைப் பார்க்கிறவனுக்குக் கிட்டும் அறிவில் நூற்றிலொரு பங்கேனும் சுவரிலுள்ள தாளிலே கிட்டுமா என்பது ஐயமே. கிண்டித் திடலின் கதையோ தீர்ப்போடு முடியவில்லை. குத்தகைப் பாக்கி தொடர்பான வழக்கின் பின்னர், 2024இல் அரசு அந்நிலத்தைத் தன்வசமாக்க முற்பட்டது. உதகமண்டலத் திடலும் அவ்வாண்டிலேயே அரசின் கைக்கு மாறியது.

இந்தியாவின் தலையாய உயர்நிலைப் பந்தயம் பம்பாய் மகாலக்ஷ்மித் திடலில் ஓடும் இந்திய டேர்பி. 1943இல் நடந்த முதற் பந்தயத்திற் பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிபுல் என்ற பெண் குதிரை வென்றது. அதன்மேல் ஏறியவர் அவுஸ்திரேலியரான எட்கார் பிறிற். தூரம் 2400 மீற்றர், எப்சத்தின் தூரமே. ஆயினும் அது பெப்ரவரியில் ஓடுவதால், முந்திய டிசம்பரில் மூன்று வயதுக் குதிரைகளாய்க் கினிப் பந்தயத்தில் ஓடியவை இங்கு நான்கு வயதுக் குதிரைகளாக நிற்கின்றன. இங்கிலாந்தின் கோடையை இந்தியாவின் பனிக்காலமாக மாற்றிக் கொண்டதன் விளைவு அது.

இலங்கையிற் பந்தயம் ஆங்கிலேயரோடு வந்தது. முதலிற் காலிமுகத்திடலிலும், 1893 முதற் கறுவாத்தோட்டத்துத் திடலிலும் கொழும்புப் பந்தயங்கள் நடைபெற்றன. அத்திடலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1942இல் அது விமானத்தளமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்தெழுந்த போர்விமானங்களுட் சில குதிரை ஓடிய அந்நிலத்திலிருந்தே பறந்தன. 1956இற் பண்டாரநாயக்க அரசாங்கம் பதவிக்கு வந்த பின்னர்க் கொழும்புப் பந்தயம் நிறுத்தப்பட்டது. குதிரை நின்றது, புக்கி நிற்கவில்லை. உள்ளூர்க் குதிரையின் இடத்தை இங்கிலாந்துக் குதிரையின் பெயர் பிடித்துக்கொண்டது. கண்ணாற் காணும் விளையாட்டை நீக்கிக் காணாத விளையாட்டை விட்டுவைத்த அம்மாற்றம் யாருக்கு நன்மை செய்தது என்பதைப் பொருளியல் மாணவர் ஆராயலாம்.

பந்தயம் இன்று எஞ்சியிருப்பது நுவரெலியாவில். கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, காற்றின் செறிவு குறைந்த அவ்விடத்தில், சமவெளியிலிருந்து கொண்டுவரப்படும் குதிரை மூச்சுப் பழகச் சில காலம் வேண்டும். நேரத்தோடு கொண்டுவந்து பழக்கியவருக்கு அது பயன் தரும். ஏப்பிரல் மாதத்தில் ஓடும் பந்தயங்களுள் முதன்மையானது தேசாதிபதி கிண்ணம். தேசாதிபதிப் பதவி 1948இல் மகாதேசாதிபதிப் பதவியாகி, 1972இற் குடியரசு பிறந்தபோது அதுவும் நீங்கிற்று. கிண்ணத்தின் பெயர் மட்டும் நீங்கவில்லை. துரைமார் தொப்பியணிந்து வீற்றிருந்த கொட்டகையின் எதிரே, கம்பி வேலிக்கு வெளியே புத்தாண்டுப் புதுத்துணியுடுத்த தோட்டக் குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றி நிற்கின்றன. அக்குழந்தைகளுக்கு எந்தக் குதிரையின் விலை என்ன என்பது தெரியாது. குளம்பொலி நெருங்கி, நிலம் அதிர்ந்து, நிறங்கள் ஒரு கணத்திற் கடந்து போவதைக் காண்கின்றார்கள். பிற்பகல் மூன்று மணிக்குமேல் மலையிலிருந்து மூடுபனி இறங்கக்கூடுமாதலால், அதற்குமுன் பெரும்பந்தயம் ஓடி முடிந்தால் வெலிமடை வழியாக ஊவாவுக்குத் திரும்பும் பஸ்களுக்கும் வசதியாகும்.